விரல் அறியும் எழுத்து

'கொடி' என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போது ககர ஒலி முன்னும் ஒகர ஒலி பின்னுமாகவே செவியில் விழுகிறது. ஏட்டிலோ ஒற்றைக் கொம்பு முந்திக்கொண்டு நிற்க, அதன்பின் ககரம் வர, துணைக்கால் கடைசியில் வந்து சேருகிறது. நாவின் வரிசை வேறு, கண்ணின் வரிசை வேறு என்னும் இந்தச் சிக்கலைப் பெரும்பாலான குழந்தைகள் தம்மையறியாமலே கடந்துவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம் உடைய குழந்தைக்கோ ஐந்தாம் வகுப்பிலும் அது தீராத சங்கடமாகவே இருக்கக்கூடும். கேட்ட கதையைச் சுவை குன்றாமல் திருப்பிச் சொல்லும் அக்குழந்தையை, வாசிக்கத் தடுமாறும் ஒரே காரணத்தால் 'மக்கு' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைப்பது பெரும் அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

தாம்பாளத்தில் நுண்ணிய மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்துக் 'கொ' என்று எழுதச் செய்து, எழுதும்போதே அவ்வொலியை உரக்கச் சொல்லவும் செய்தால், கண்ணும் செவியும் விரலும் ஒருங்கே வேலை செய்கின்றன. கரும்பலகையில் கொம்பையும் காலையும் சிவப்பிலும் ககரத்தை வெள்ளையிலும் எழுதினால், இரு பக்கமும் பிரிந்து நிற்பவை ஒரே உயிரொலியின் அடையாளமே என்பது பளிச்சென்று விளங்கும்.

மணலில் எழுதுவது நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களின் பழைய வழக்கந்தான். இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையாரோ, 1907-ல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மனவளர்ச்சி குன்றிய பாலர்களுக்காகத் தடவி அறியும் எழுத்துகளைச் செய்வித்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். இன்று வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் உப்புத்தாள் எழுத்துகளைத் தடவிப் படிப்பதைக் காணும்போதெல்லாம், அம்முறை முதலில் யாருக்காகப் பிறந்தது என்பதை எண்ணி நெஞ்சம் நெகிழ்கிறது.

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத, டிஸ்லெக்சியாவும் அடங்கிய கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் ஒன்றாயிற்று. பரீட்சையில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித்தர ஓர் ஆளும் பெறச் சட்டபூர்வமான வழி பிறந்தது. நல்லதே, ஆனால் அச்சலுகை மார்ச் மாதப் பரீட்சைக்குரியது, பிள்ளையோ ஜூன் மாதத்திலிருந்தே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே! நாளைக் காலையில் அப்பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாதீர்கள். மேஜையருகே அழைத்து, பாடத்தை வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.