நூறு வயதில் 1,500 மீட்டர்: மெதுவாக நீந்துபவருக்குத் தண்ணீர் தரும் சலுகை

மாணவர்களே, லெம்பா பெர்த்தாமின் தேயிலைச் சரிவுகளில் பல ஆண்டுகள் ஏறி இறங்கிய ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் பாட்டியாகவே இருக்கலாம். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். இரவில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொல்கிறார். அவரிடம் போய், “பாட்டி, அனைத்துலக நீச்சல் போட்டிக்குப் போறீங்களா?” என்று கேட்டால் என்ன சொல்வார்? “போய்ப் படிக்கிற வேலையைப் பாரு” என்று சிரிப்பார்.

ஆனால் அப்படி ஒரு போட்டி உண்மையிலேயே இருக்கிறது. அதில் அறுபது, எழுபது, எண்பது வயதுக்காரர்கள் நீந்துகிறார்கள். இது எப்படி முடிகிறது? விடை அவர்களின் உடலில் மட்டும் இல்லை. தண்ணீரின் குணத்திலும் இருக்கிறது.

25 வயது ஆகாதவர்களுக்கு இடமில்லை

இந்தப் போட்டிகளுக்கு ‘மாஸ்டர்ஸ்’ நீச்சல் என்று பெயர். நீச்சலைத் தொழிலாகக் கொள்ளாத பெரியவர்களும் இதில் பங்கேற்கலாம். அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ரான்சம் ஆர்தர், பெரியவர்கள் உடற்பயிற்சியை விடாமல் செய்ய ஒரு காரணம் வேண்டும் என்று நினைத்தார். போட்டி என்று ஒன்று இருந்தால் பயிற்சி தொடரும் என்பது அவர் எண்ணம். அதன் பயனாக 1970-இல் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. உலக அளவிலான போட்டி 1986-இல் தோக்கியோவில் தொடங்கியது. 2025-இல் நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில், உலக மாஸ்டர்ஸ் போட்டி நடைபெற்றது.

விதிகள் எளிமையானவை. 25 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள்: 25-29, 30-34, 35-39 என்று நூறைத் தாண்டியும் போகும். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாளில் உங்கள் வயது என்ன என்பதே கணக்கு. 1960-இல் பிறந்தவர் 2025-இல் 65-69 பிரிவில் நீந்துவார். உலகப் போட்டிக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தகுதி நேரம் உண்டு. இங்கே நாட்டு அணி கிடையாது. நீச்சல் மன்றத்தின் பெயரில்தான் பதிவு.

அஞ்சல் நீச்சலில் இன்னும் சுவையான கணக்கு இருக்கிறது. நான்கு பேரின் வயதையும் கூட்டிப் பிரிவை முடிவு செய்கிறார்கள். 62, 48, 39, 27 வயதுள்ள நால்வர் சேர்ந்தால் 176. அவர்கள் 160-199 பிரிவு. மற்ற இடங்களில் மறைக்கப்படும் வயது, இங்கே கூட்டிச் சேர்க்கப்படுகிறது!

ஜப்பான் பாட்டி செய்த சாதனை

மியேகோ நாகாவோக்கா 1914-இல் பிறந்தவர். எண்பதை ஒட்டிய வயதில், முழங்கால் வலிக்குச் சிகிச்சையாகத்தான் நீச்சலைத் தொடங்கினார். 2015 ஏப்ரலில், நூறு வயதில், ஜப்பானின் மட்சுயாமா நகரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் 1,500 மீட்டரை முழுமையாக நீந்தி முடித்தார். நூறு வயதில் அதைச் செய்த முதல் மனிதர் அவர். 25 மீட்டர் குளத்தில் 60 நீளம், மல்லாந்த நிலையில். எடுத்துக்கொண்ட நேரம் 1 மணி 15 நிமிடம் 54 விநாடி.

அவருடைய வேகத்தைக் கணக்கிடுவோம். 1,500 மீட்டரை 4,554 விநாடியால் வகுத்தால், விநாடிக்கு ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் இதே தூரத்தை 14 நிமிடம் 30 விநாடியில் கடந்து உலகச் சாதனை செய்தார். அவர் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 172 சென்டிமீட்டர். அதாவது பாட்டியைவிட ஐந்து மடங்கு வேகம். அப்படியானால் அவர் ஐந்து மடங்கு ஆற்றலோடு நீந்தினால் போதுமா? போதாது. இங்கேதான் அறிவியல் வருகிறது.

வேகத்திற்குத் தண்ணீர் கேட்கும் விலை

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதைத் தள்ளிக்கொண்டு முன்னேறும்போது அது நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது. இதற்கு இழுவை என்று பெயர். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். மூன்று மடங்கு வேகத்தில் ஒன்பது மடங்கு. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இழுவை கூடுகிறது.

அந்த இழுவையை எதிர்த்து ஒவ்வொரு விநாடியும் செலவிடும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு வேகத்திற்கு எட்டு மடங்கு ஆற்றல். ஐந்து மடங்கு வேகத்திற்கு 5 × 5 × 5, அதாவது 125 மடங்கு! உடல் வடிவமும் நீந்தும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் இதன் பொருள் தெளிவு: வேகமாகப் போக விரும்புபவரிடம் தண்ணீர் மிகப் பெரிய விலை கேட்கிறது, மெதுவாகப் போகிறவரை மிகக் குறைந்த விலையில் விட்டுவிடுகிறது. நூறு வயதுக்காரர் ஒரு மணி நேரத்திற்கு மேல் நீந்த முடிந்ததன் ஒரு காரணம் இதுதான்.

செய்து பாருங்கள்

ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளங்கையை விரித்து, மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுங்கள். பிறகு அதையே வேகமாகச் செய்யுங்கள். எதிர்ப்பு எவ்வளவு கூடுகிறது? இப்போது கையைக் கத்திபோல் பக்கவாட்டில் திருப்பி, அதே வேகத்தில் நகர்த்துங்கள். எதிர்ப்பு குறைந்துவிடும். தலையை உயர்த்திக் கால்களைத் தொங்கவிட்டு நீந்துபவர் விரித்த உள்ளங்கை. உடலை நீட்டி நேராக வைப்பவர் கத்தி. பல வேளைகளில் முதியவர்கள் இளைஞர்களை முந்துவதற்குத் தசை வலிமையைவிட இந்த நுட்பமே காரணம்.

முழங்காலின் சுமை எங்கே போகிறது?

தண்ணீர் நம்மை மேல்நோக்கியும் தாங்குகிறது. இது ஆர்க்கிமிடிஸ் சொன்ன மிதப்பு விசை. கழுத்தளவு தண்ணீரில் நின்றால், கால்கள் தாங்க வேண்டியது உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 60 கிலோ எடையுள்ள பாட்டியின் முழங்காலுக்கு அங்கே 6 கிலோ போலத் தோன்றும். மலைச்சரிவில் வலிக்கும் கால், குளத்தில் அசைய முடிவதன் காரணம் இதுவே.

வயதின் விளைவை நீச்சல் அழித்துவிடுமா? அழிக்காது. இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் வயதோடு குறைகிறது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் முப்பது வயதுக்குப் பிறகு, பயிற்சி இல்லாதவர்களிடம், பத்து ஆண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களிடம் இந்தச் சரிவு மெதுவாகிறது. ஆகவேதான் வயதுப் பிரிவுகள். ஆகவேதான் வயதானவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

அதே விதி, ஆற்றில்

இப்போது நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பெர்த்தாம் ஆற்றுக்கு வருவோம். மேலே ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டு இருக்கிறது. 2013 அக்டோபரில், கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்ததை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

குளத்தில் பாட்டிக்குச் சலுகை தரும் அதே விதி, ஆற்றில் ஆளைக் கவிழ்க்கும். குளத்தில் நாம் நகர்கிறோம், தண்ணீர் நிற்கிறது. வேகத்தை முடிவு செய்வது நாம். ஆற்றில் தண்ணீர் நகர்கிறது. வேகத்தை முடிவு செய்வது அது. நீரோட்டம் இரண்டு மடங்கு வேகமானால் உங்கள் கால்களை அது நான்கு மடங்கு விசையோடு தள்ளும். முழங்காலளவு வெள்ளம்தானே என்று இறங்கியவர் விழுவது இதனால்தான். எந்த நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நிற்க முடியாது. அபாயச் சங்கு ஒலித்தால் மேட்டுக்கு ஏறுவது ஒன்றே வழி.

மலைத் தண்ணீரின் குளிரும் ஆபத்தானது. போட்டிக் குளங்களின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். அதைவிட மிகவும் குளிர்ந்த நீரில் திடீரென்று குதித்தால், நம்மை அறியாமலே வாய் திறந்து மூச்சை இழுப்போம். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

ஆகவே நீச்சலைக் கற்க வேண்டிய இடம் ஆறோ ஏரியோ அல்ல. பயிற்றுநர் இருக்கும் குளம். விடுமுறையில் ஈப்போவுக்கோ குவாந்தானுக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். முதல் பாடமாக வேகத்தைக் கற்காதீர்கள். மல்லாந்து மிதந்து, அமைதியாக மூச்சுவிடக் கற்றுக்கொள்ளுங்கள். ஆபத்தில் உயிர் காப்பதும் அதுதான், நூறு வயதுப் பாட்டி 60 நீளம் கடந்ததும் அப்படி மல்லாந்துதான்.

நீங்கள் படிவம் ஒன்றில் இருந்தால், மாஸ்டர்ஸ் போட்டியில் நுழைய இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உங்கள் அப்பா, அம்மா, பாட்டி ஆகியோருக்கோ வயதுத் தகுதி இப்போதே வந்துவிட்டது. குளத்துக்குப் போகும் நாளில் அவர்களையும் அழைத்துப் போங்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றதும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பாட்டியைக் கேளுங்கள்.