கண்ணு சிவந்தா மெடிக்கலுக்கு ஓடாதீங்க!

"டேய், கண்ணு என்னடா இப்படிச் சிவந்திருக்கு? என்னைப் பார்க்காத, ஒட்டிக்கும்!"

ஹாஸ்டல்ல ஒருத்தன் கண் சிவந்தால் போதும், மொத்த வராந்தாவும் எஸ்கேப் ஆகிடும். அடுத்த சீன்... நம்ம ஆள் கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு தெருமுனை மெடிக்கல் ஷாப்ல நிப்பான். "அண்ணே, கண்ணு சிவப்புக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க." அண்ணனும் கொடுப்பார். சொட்டு விட்டதும் எரிச்சல் போச்சு, சிவப்பும் போச்சு. மேட்டர் ஓவர்!

என் ரூம்மேட் ஒருத்தனும் அப்படித்தான் நினைச்சான். அவன் கதைக்குக் கடைசியில் வருவோம். முதலில் ஒரு விஷயம்: சிவப்பு ஒண்ணுதான், காரணம் நாலஞ்சு இருக்கும். மருந்தும் அதுக்கேத்த மாதிரி மாறும்.

மெட்ராஸ் ஐ

1918-ல் சென்னையில் பரவியபோது கவனிக்கப்பட்டதால் இந்தப் பேர் வந்ததுன்னு சொல்வாங்க. பெரும்பாலும் காரணம் அடினோ வைரஸ். காலையில் இமை ஒட்டிக்கிடக்கும், தண்ணீர் கொட்டும், மண் விழுந்த மாதிரி உறுத்தும். பார்த்தா ஒட்டாது பாஸ்! கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை... இதெல்லாம்தான் பரப்பும். கூலிங் கிளாஸ் வெளிச்சக் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் டிராப்ஸ் வைரஸைக் கொல்லாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே சரியாகிடும். சோப்பு போட்டுக் கை கழுவுங்க, தனித்துண்டு வெச்சுக்கோங்க, காலேஜுக்கு லீவு போடுங்க (இதுக்கு மட்டும் உடனே ஓகே சொல்வீங்களே!).

அலர்ஜி

தூசி, மகரந்தம் ஒத்துக்காதவங்களுக்குக் கண்ணு பயங்கரமா அரிக்கும். கசக்கினா சொர்க்கமா இருக்கும். ஆனால், அந்தக் கசக்கல்தான் டேஞ்சர். கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கருவிழியின் தடிமன் நடுப்பகுதியில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அது மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னால் துருத்திக்கிட்டு வர்ற நோய்க்குப் பேர் 'கெரட்டோகோனஸ்'. கண்ணைக் கசக்குற பழக்கத்துக்கும் இதுக்கும் தொடர்பு உண்டு. பெரும்பாலும் டீன் ஏஜிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும்.

கண்ணாடி பவர் அடிக்கடி மாறுதா? புதுக் கண்ணாடியிலும் எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதா? கருவிழி ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. நோய் வளர்வது தெரிந்தால், ரிபோஃபிளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சிக் கருவிழியை இறுக்கும் 'கிராஸ் லிங்க்கிங்' சிகிச்சை இருக்கு. நோயை அந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் இதோட வேலை. ரொம்ப முற்றிவிட்டால் கருவிழி மாற்று ஆபரேஷன் வரைக்கும் போகலாம். லேசிக் ஆசை இருக்கிறவங்களும் இந்த ஸ்கேன் எடுக்காமல் படுத்துடாதீங்க. கெரட்டோகோனஸ் இருக்கிற கண்ணில் லேசிக் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

வறட்சி

சாதாரணமா நிமிஷத்துக்குப் பதினஞ்சு, இருபது தடவை கண் சிமிட்டுவோம். செல்போனைப் பார்க்க ஆரம்பிச்சா இது பாதிக்கும் கீழே இறங்கிடும். கண்ணீர்ப் படலம் காஞ்சு, எரிச்சலும் சிவப்பும் வரும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது, 20 விநாடி பாருங்க. தேவைப்பட்டால் டாக்டர் செயற்கைக் கண்ணீர் சொட்டு தருவார்.

காண்டாக்ட் லென்ஸ்

லென்ஸ் போடுறவங்க கண் சிவந்து வலிச்சா உடனே கழட்டிட்டு, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. நாளைக்குன்னு தள்ளிப்போடாதீங்க. கருவிழியில் புண் வந்து ஆறினாலும் தழும்பு நின்னுடலாம். லென்ஸோட தூங்கக்கூடாது. குழாய்த் தண்ணியில் லென்ஸைக் கழுவக்கூடாது. அதில் அகந்தமீபா என்கிற கண்ணுக்குத் தெரியாத வில்லன் இருக்கலாம்.

சரி, அந்த டிராப்ஸ்?

என் ரூம்மேட்டுக்கு இருந்தது அலர்ஜி. கடைக்காரர் கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த டிராப்ஸ். எந்தச் சிவப்பையும் அது சட்டுனு அடக்கிடும், அதுதான் அதோட கவர்ச்சி. செகண்ட் இயர்ல ஆரம்பிச்சு ஃபைனல் இயர் வரைக்கும் பாட்டில் பாட்டிலா விட்டான். ஒருநாள் பைக்கில் போகும்போது பக்கத்தில் வந்த பஸ் கண்ணுக்கே தெரியலை. மயிரிழையில் தப்பிச்சான். டாக்டர் பார்த்துட்டுச் சொன்ன பேர், கிளாக்கோமா.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கருகத் தொடங்கும். வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும் என்பதால் நமக்கே தெரியாது. போன பார்வை போனதுதான், எந்த மருந்தாலும் திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்த அவன் இப்போ தினமும் வேற டிராப்ஸ் விடுறான். பைக் சாவியைத் தம்பிகிட்ட கொடுத்துட்டான்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, கண் அழுத்தத்தை அளந்துக்கிட்டே விட்டால் பார்வையையே காப்பாத்தும். நாமளா வாங்கி விடுறதுதான் தப்பு. உங்க டிராயர்ல கிடக்கிற பாட்டிலை இப்பவே எடுத்து லேபிளைப் படிங்க. டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரட்னிசோலோன்... இதில் ஏதாவது இருக்கா? டாக்டர் சொல்லாம வாங்கினதா?

அப்படீன்னா அந்தப் பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு கண் டாக்டர்கிட்ட போங்க. எத்தனை நாளா விடுறீங்கன்னு மறைக்காம சொல்லி, "கண் அழுத்தம் பாருங்க டாக்டர்"னு கேளுங்க. அளந்து முடிக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாது!