புல்வெளியில் புனல் வலை

சிலந்தி வலை என்றதும், பசையுள்ள நூல்களால் சக்கர வடிவமாகப் பின்னப்பட்டு மரக்கிளைகளுக்கிடையே தொங்கும் வலையே நம் மனத்தில் எழுகின்றது. ஆனால் வட அமெரிக்காவின் புல்வெளிகளில் வாழும் அஜெலினாப்சிஸ் என்னும் பேரினத்துச் சிலந்திகளோ, தரைக்கு இணையாக, பசை சிறிதுமில்லாத மெல்லிய விரிப்பொன்றை நெய்து, அதன் ஓர் ஓரத்தைப் புனல்போலக் குவித்துப் புல் தூரின் இடுக்கிலோ கல்லின் அடியிலோ முடியச் செய்து, அப்புனலின் வாயிலில் அமர்ந்து இரைக்காகக் காத்திருக்கின்றன. விரிப்புக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய இழைகளில் மோதிக் கீழே விழும் பூச்சி, கால் ஊன்றி எழுவதற்குள், அதிர்வை உணர்ந்த சிலந்தி பாய்ந்து வந்து கடித்து அதனைப் புனலுக்குள் இழுத்துச் சென்றுவிடும். பசை இல்லாத குறையை வேகம் தீர்த்துவைக்கின்றது.

இப்பேரினத்தில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. உட்டாஹானா என்பது வடக்கே கானடாவிலும் அலாஸ்காவிலும்கூடக் குளிரைப் பொறுத்து வாழ்கின்றது. நேவியா கிழக்கு மாநிலங்களுக்கு உரியது. அபெர்டாவோ தென்மேற்கின் வறண்ட பிரதேசங்களையும் மெக்ஸிகோவையும் தன் இருப்பிடமாகக் கொண்டது. ஐரோப்பியப் புல்வெளிகளில் இதே விதமாக வலை நெய்யும் உறவினத்தை 1757-ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டுக் கிளெர்க் வருணித்திருக்கிறார்.

எனினும், தேசப்படத்தில் வண்ணம் தீட்டி இதுதான் இச்சிலந்தியின் நாடு என்று காட்டிவிடுவது போதாது. நியூ மெக்ஸிகோவின் பாலைப் புல்வெளியிலே பல்லாண்டு ஆராய்ந்த சூசன் ரீக்கர்ட் என்ற பெண் விஞ்ஞானி, பார்வைக்கு ஒரே சீராகத் தோன்றும் அந்நிலத்தில் அபெர்டாவுக்கு உகந்த இடங்கள் மிகச் சிலவே என்பதை நிரூபித்தார். கோடை நண்பகலில் தரை கொதிக்கும்போது சிலந்தி விரிப்பின்மேல் வர இயலாது. ஆகையால் புதரின் நிழலோ நிலத்தின் பள்ளமோ வாய்த்த சிலந்தி அதிக நேரம் வேட்டையாடி, அதிக முட்டைகள் இடுகின்றது. வெட்டவெளியில் வலை கட்டியதோ வெப்பத்துக்கு அஞ்சிப் பசியோடு ஒடுங்கிக் கிடக்கின்றது. நல்ல இடத்துக்கும் தீய இடத்துக்கும் இடையே சந்ததிப் பெருக்கத்தில் பன்மடங்கு வித்தியாசம் இருப்பதால், அத்தகைய இடங்களுக்காக அவை கடும் போர் புரிகின்றன. பெரும்பாலும் கனத்த சிலந்தியே வெல்லும். எடை ஒத்திருந்தால் முன்பே குடியிருந்ததற்குச் சாதகம் அதிகம்.

அதே இனம் அரிஸோனாவின் ஓடைக்கரை வனத்தில் வாழுமிடத்து, நிழலுக்கும் இரைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கொத்தித் தின்னும் பறவைகள் மிகுதி. அங்குள்ள சிலந்திகள் சண்டைக்கு முந்துவதில்லை. வலை சற்று அதிர்ந்தாலும் புனலுக்குள் ஒளிந்து நெடுநேரம் வெளிவருவதில்லை. ஆய்வுச்சாலையில் வளர்த்த குஞ்சுகளும் தத்தம் பெற்றோரின் சுபாவத்தையே காட்டியதால், இவ்வேறுபாடு பரம்பரையாக வருவதென்று தெளிவாயிற்று. 1984-இல் ஜான் மேனார்ட் ஸ்மித் என்னும் பரிணாமவியல் மேதையுடன் சேர்ந்து ரீக்கர்ட் இதனைக் கணித முறையில் விளக்கினார். வாழும் நிலம் ஒரு ஜீவனின் குணத்தையே உருவாக்குகின்றது என்பதற்கு இதனினும் நேரான அத்தாட்சியை நான் அறியேன்.

நம் நாட்டு வயல் வரப்புகளிலும் புல்தரைகளிலும் காணும் புனல் வலைகள் பெரும்பாலும் ஹிப்பாசா என்னும் வேறொரு குலத்தின் வேலை. அக்குலம் ஓநாய்ச் சிலந்திகளைச் சேர்ந்தது. ஓநாய்ச் சிலந்திகளிலே பெரும்பாலானவை வலையே கட்டாமல் ஓடியாடி வேட்டையாடுபவை. ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ள ஹிப்பாசாவோ, அமெரிக்கச் சிலந்தியோடு நெருங்கிய உறவின்றியே, அதே விரிப்பையும் அதே புனலையும் தானாகக் கண்டடைந்தது. ஆயினும் தாய் முட்டைப்பையை உடலின் பின்முனையில் கட்டிச் சுமப்பதும், பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றித் திரிவதும் ஓநாய்க் குலத்தின் வழக்கமாகவே நீடிக்கின்றன.

புனல் வலைச் சிலந்தி என்ற பெயரைக் கேட்டு அஞ்சுவோர் உண்டு. அச்சத்துக்குக் காரணமான கொடிய விஷச் சிலந்தி ஆஸ்திரேலியாவின் சிட்னி வட்டாரத்துக்கு உரியது; முற்றிலும் வேறான குடும்பம்; அதற்கும் 1981 முதல் மாற்று மருந்து உண்டு. நம் புல்தரையில் காணும் வலையின் சொந்தக்காரியால் நமக்கு ஆபத்தில்லை. பூச்சிகளைத் தின்று வாழும் அதனை வாசகர்கள் மிதித்து அழிக்காமல் விட்டுவைக்க வேண்டுகிறேன்.