முதல் டிரையத்லானுக்கு முன்: இதயமும் உடலும் ஆயத்தமாக

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிக்கும் போட்டியே டிரையத்லான். நாற்பது வயதைக் கடந்து, இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை உட்கொள்ளும் சிலர், இதில் தாமும் கலந்துகொள்ளலாமா என்று இதயநோய்ப் பிரிவில் இப்போது கேட்கின்றனர். உடன் வரும் குடும்பத்தாரின் முகத்தில் கலக்கம் தெரிகிறது. பெரும்பாலோருக்கு என் விடை இதுதான்: கலந்துகொள்ளலாம், ஆனால் அடுத்த மாதப் போட்டியில் வேண்டாம்.

செய்திகளில் காணும் அயர்ன்மேன் போட்டியின் 3.8 கி.மீ. நீச்சலும், 180 கி.மீ. மிதிவண்டியும், 42.2 கி.மீ. ஓட்டமும் இங்கே பேச்சில்லை. புதியவர்களுக்கு ஏற்றது 'ஸ்பிரின்ட்' வகை: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கக்கூடியவருக்கு, நீச்சலும் ஓரளவு தெரிந்திருந்தால், நான்கு மாதப் பயிற்சி போதுமானது. அவ்வாறு நடக்க இயலாதவர் முதல் இரண்டு மாதங்களை நடைக்கே ஒதுக்கட்டும்.

பயிற்சிக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். நாங்கள் முதலில் கேட்பது மூன்று செய்திகள். உழைக்கும்போது மார்பில் இறுக்கமோ வழக்கத்தை மீறிய மூச்சிரைப்போ வருகிறதா? எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் எவரேனும் திடீரென இறந்ததுண்டா? 'வயதாகிவிட்டது, அதனால்தான் மூச்சு வாங்குகிறது' என்று நோயாளி மறைப்பதை, உடன் வந்தவர் சொல்லித்தான் பல நேரங்களில் அறிகிறோம். ஆகவே தனியாக வராதீர்கள். இ.சி.ஜி., தேவைக்கேற்ப எக்கோ, டிரெட்மில் ஆகிய பரிசோதனைகள் அடுத்து வரும். டிரெட்மில்லில் தேறியவுடன் ஆபத்தே இல்லை என்று கருதிவிடக் கூடாது. இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்கு வளர்ந்த அடைப்பையே அது பெரும்பாலும் காட்டும்; சிறு கொழுப்புப் படிவு அதன் கண்ணுக்குத் தப்பலாம்.

கால்கள் தாங்குமா என்பதே எல்லோருடைய கவலையும். என் கவலை தண்ணீரைப் பற்றியது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த போட்டிகளை ஆராய்ந்தபோது, உயிரிழந்தோரும் இதயம் நின்று மீட்கப்பட்டோருமாக 135 பேர் கணக்கில் வந்தனர். அவர்களுள் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. பங்கேற்றோர் ஒரு லட்சம் பேருக்கு இருவர்கூட இல்லை என்பதால் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. ஆயினும் பிணக்கூறாய்வு செய்யப்பட்டோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு இதயத்திலோ இரத்தக்குழாய்களிலோ கோளாறு இருந்தது என்பதை மறக்கலாகாது.

நீச்சலில் அப்படி என்ன நேர்கிறது? உடல் நீரில் அமிழ்ந்ததும் கைகால்களில் உள்ள இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்படுகிறது. இதயத்தின் சுமை கூடுகிறது. நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் உயர்கிறது. சிலருக்கு அங்கிருந்து நீர் கசிந்து நுரையீரலில் கோத்துக்கொள்ளும். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவருக்கு இந்த வாய்ப்பு அதிகம். தண்ணீர் குளிர்ந்திருந்தால் மேலும் அதிகம். நம் கடல் வெதுவெதுப்பானது என்பதால் அறவே நேராது என்று சொல்ல இயலாது. இதனுடன் கூட்டத்தின் நெருக்கடி, அலை, தரை தட்டாத பயம் ஆகியவை சேரும்போது இதயத்துடிப்பு தறிகெட்டு உயரும். 25 மீட்டர் குளத்தில் முப்பது முறை கடப்பவர் கடலில் நூறு மீட்டரில் திணறுவது இதனால்தான்.

ஆகவே திறந்த நீரில், உயிர்காப்பவர் துணையுடன், போட்டிக்கு முன் சில முறையேனும் நீந்திப் பழக வேண்டும். மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொள்வது வேகத்தைவிட முக்கியம். போட்டியன்று கூட்டத்தின் பின்புறமோ ஓரமோ நின்று தொடங்குங்கள். மூச்சுத் திணறினால், இருமல் வந்தால், சளியில் நுரையோ இரத்தமோ தெரிந்தால், நீந்துவதை உடனே நிறுத்திக் கையை உயர்த்துங்கள். காவல் படகைப் பற்றிக்கொண்டு இளைப்பாறுவதை விதிகள் அனுமதிக்கின்றன. அதைப் பிடித்து முன்னேறாத வரையில் தகுதியிழப்பு இல்லை. இது தெரியாமல் வெட்கப்பட்டுத் தத்தளிப்போர் உண்டு.

நிலப் பயிற்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒவ்வொன்றையும் வாரம் இருமுறை செய்து, ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். ஓட்டத்தை, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து தொடங்குங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் மெதுவாகவே வலுப்பெறும். உற்சாகம் மிகுந்த இரண்டாம் மாதத்தில் குதிகால் வலியுடன் வருவோர் பலர். மிதிவண்டியிலிருந்து இறங்கி உடனே ஓடிப் பழகுவதும் இன்றியமையாதது. அந்த முதல் சில நிமிடங்கள் கால்கள் பிறருடையவை போலிருக்கும். காய்ச்சல் வந்தால் முழுமையாகக் குணமாகும்வரை பயிற்சி கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கும்.

மருந்து உட்கொள்வோர்க்குத் தனிக் கவனம் தேவை. பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் நாடித்துடிப்பு உழைப்புக்கேற்ப உயராது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு வாக்கியத்தை இடைநிறுத்தாமல் பேச முடிகிறதா என்பதே அவருக்கு நல்ல அளவுகோல். இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளவைப் பார்த்து, குளுக்கோஸைக் கையில் வைத்திருக்க வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் இரவு உறக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். வீட்டார் இதை அறிந்திருத்தல் நலம். பாத உணர்ச்சி குன்றியவர் கரையிலிருந்து மிதிவண்டி வரை வெறுங்காலில் ஓடக் கூடாது. எந்த மருந்தின் அளவையும் தாமாக மாற்ற வேண்டாம்.

போட்டியன்று உடன் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் குடி, குடி என்று வற்புறுத்தாதீர்கள். தாகத்தை மீறிக் குடிப்பதால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பே வரலாம். வெயிலில் ஓடுபவர் தடுமாறினால், பொருத்தமின்றிப் பேசினால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். மருத்துவக் குழுவை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை குளிர்ந்த நீரை உடல் முழுதும் ஊற்றுங்கள். ஒருவர் சுருண்டு விழுந்து, நினைவும் இயல்பான மூச்சும் இல்லாதிருந்தால், உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

முடித்த மகிழ்ச்சியில் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு உறங்கப் போவது வழக்கமாகிவிட்டது. உடலில் நீர் குறைந்த நிலையில் அது சிறுநீரகத்துக்குக் கேடு. மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசைகள் வீங்கி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் இறங்கினால், காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.