ஆயாவுக்கு ஞாபகம் இருக்காதே!

"நாம வந்துட்டுப் போனதே அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. அப்புறம் எதுக்குப் போகணும்?" மறதி நோயாளிகளின் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போகிறவர்கள் பலருக்கும் இந்தச் சோர்வு வரும். திருபுவனை போன்ற சிற்றூரில் அதற்கு இல்லம்கூட வேண்டாம். பக்கத்து வீட்டு ஆயாவோடு தினமும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரும் பெண்ணுக்கும் வரும். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில்தான் விகிதம் அதிகம்.

அந்தச் சோர்வுக்கு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2014இல் ஒரு பதில் தந்தது. டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் கண்ட நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக் காட்சிகளையும், வேறொரு சமயம் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் பலருக்கும் பார்த்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. படம் பார்த்ததே நினைவில்லை என்றார் ஒருவர். ஆனால் துக்கமும் மகிழ்ச்சியும் அரை மணி நேரம்வரை அவர்களிடம் இருந்தன. வியப்பு என்னவென்றால், யாருக்குப் படம் அதிகம் மறந்ததோ அவர்களுக்குத்தான் துக்கம் அதிக நேரம் நீடித்தது. காரணம் மறந்துபோன துக்கத்துக்கு எப்படி ஆறுதல் தேடுவது?

நேற்று யார் வந்தார், என்ன பேசினார் என்பதைப் பதிந்துவைக்க மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். அல்சைமர் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளில் அது ஒன்று. உணர்ச்சி அதை மட்டும் நம்பியிருப்பதில்லை. கைப்பழக்கத்துக்கும் தனி வழி உண்டு. 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவையில் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இழந்தவர் ஹென்றி மொலைசன். கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரைய அவருக்குப் பயிற்சி தந்தார் மூளை ஆய்வாளர் பிரெண்டா மில்னர். நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்த நினைவு மட்டும் அவருக்கு இல்லை.

ஆகவே ஆயாவிடம் "நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள். அன்பாகக் கேட்டாலும் அது பரீட்சைதான். கேள்வி மறந்துவிடும், தோற்ற கூச்சம் உள்ளே நிற்கும். "ஆயா, நான் செல்வி வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிடலாம். மடியில் கொஞ்சம் கனகாம்பரமும் நாரும் வையுங்கள். ஆயுளெல்லாம் பூக்கட்டிய விரல்கள் தாமாகவே முடிச்சுப் போடத் தொடங்கலாம். நோய் முற்றினால் கையும் தளரும். அப்போது வற்புறுத்தக் கூடாது.

பாட்டு அதற்குப் பிறகும் கைகொடுக்கும். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளை ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் இளைஞர்களிடம் கண்டறிந்து, அதே பகுதிகளை அல்சைமர் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்ற இடங்களைவிட அங்கே சுருக்கம் குறைவு என்று 2015இல் எழுதினார்கள். எனவே ஆயாவின் இளமைக் காலத்துப் பாட்டாகத் தேடுங்கள்: நடவுப் பாட்டு, மாரியம்மன் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு. ஒப்பாரி வந்து கண் கலங்கினாலும் தடுக்க வேண்டாம். ஆனால் கிளம்புமுன் அவர் சிரிக்கிற பாட்டு ஒன்றையும் சேர்ந்து பாடிவிட்டு எழுந்திருங்கள்.