வெப்ப நாட்டிற்கேற்ற மோட்டார் டயர்

மோட்டார் வண்டி வாங்குவோர் அதன் நிறத்தையும், இருக்கையின் வசதியையும், இயந்திரத்தின் ஆற்றலையும் பன்முறை ஆராய்கின்றனர். ஆயின் அவ்வண்டி நிலத்தைத் தொடும் இடம் எத்துணைச் சிறிதென்று எண்ணுவோர் மிகச் சிலரே. ஒவ்வொரு டயரும் சாலையிற் படியும் பரப்பு ஏறக்குறைய ஒருவரது உள்ளங்கை அளவினதாகும். அத்தகைய நான்கு சிறு பரப்புகளின்மேல்தான் ஒரு குடும்பம் முழுதும் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கின்றது.

சித்திரை, வைகாசித் திங்கள்களில், டயர் வெடித்து வண்டி கவிழ்ந்ததென்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி காணப்படுகின்றது. அதனைப் படித்து, விதியென்றும் வெயிலென்றும் கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். வெயில் ஒன்றே காரணமாயின், அதே நாளில், அதே சாலையில் சென்ற ஏனைய வண்டிகள் நலமே ஊர் சேர்ந்தது எங்ஙனம்? ஆதலின் வெயிலோடு வேறு சில காரணங்களும் கூடுகின்றன என்பது தெளிவு. அவற்றுட் பெரும்பாலன டயரை வாங்கும் பொழுதும் பேணும் பொழுதும் நாம் செய்யும் தவறுகளேயாம். அவை இவையென விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ரப்பருக்கும் வெப்பத்திற்கும் உள்ள பகைமை பழையது. பச்சை ரப்பர் கோடையில் உருகிப் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி, அது தன் நெகிழ்ச்சியை இழவாது உறுதி பெறும் வழியைக் கண்டார். 1845இல் ராபர்ட் தாம்சன் என்பார் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எனினும் அது வழக்கிற் பரவவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் அதனை மீண்டும் புதிதாய் அமைத்த பின்னரே உலகம் அதனைக் கைக்கொண்டது. நம் நாட்டிலும் இத்தொழில் சிறிய வித்தினின்றே முளைத்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன்களைச் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் எம்.ஆர்.எப். என்னும் பெரிய டயர்த் தொழிலாயிற்று.

இனி, டயர் சூடாவது எவ்வாறு என்பதை நோக்குவோம். வெயிலால் தார்ச்சாலை காய்கின்றது. நிழலிற் காற்றின் வெப்பம் 40 டிகிரியாக இருக்கும் நண்பகலில், சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியையும் கடக்கக் கூடும். 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னை நகரம் 45 டிகிரி வெப்பத்தைக் கண்டது. இப்புறவெப்பத்தினும் கொடியது டயர் தன்னுள்ளே விளைக்கும் வெப்பமாகும். சக்கரம் ஒருமுறை சுழலுந்தோறும் டயரின் ஒவ்வொரு பகுதியும் வண்டியின் பாரத்தால் மடிந்து, பின் நிமிர்கின்றது. மடியும்போது பெற்ற ஆற்றல் முழுவதையும் ரப்பர் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாக உள்ளே தங்குகின்றது. ஓர் இரும்புக் கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தின் வளைந்த இடம் சுடுவதை மாணவர் அறிவர், இதுவும் அத்தகையதே. மேலும் ரப்பர் வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகலின், உள்ளே பிறந்த சூடு விரைவில் வெளியேறுவதில்லை. டயரினுள் எஃகுக் கம்பிகளால் நெய்த பட்டைகள் உள்ளன. சூடு மிகுந்தால் அப்பட்டையின் ஓரத்தில் ரப்பரின் பிடிப்புத் தளர்கின்றது. தளர்ச்சி சிறுகச் சிறுகப் பரவி, ஒரு நாள் மேற்றோல் முழுதும் உரிந்து போகின்றது. நாம் வெடித்தது என்பது பெரும்பாலும் அக்கடைசிக் கணத்தையே; கேடு பல திங்கள்களுக்கு முன்னரே தொடங்கியிருக்கும்.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க நாட்டில் பயர்ஸ்டோன் நிறுவனம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவை பெரும்பாலும் போர்டு நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வண்டிகளிற் பூட்டப்பட்டிருந்தன. மேற்றோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தமையால் அந்நாட்டில் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். டயரின் அமைப்பில் குறை இருந்தது உண்மையே. எனினும் அக்குறையுள்ள டயர்கள் நாடெங்கும் ஓடியிருக்க, விபத்துகள் டெக்ஸாஸ், புளோரிடா, அரிசோனா முதலிய வெப்ப மாகாணங்களிலேயே மிகுதியாக நிகழ்ந்தன என்பது நம் நாட்டார் கருதத்தக்கது. குளிர் நாட்டில் மறைந்து கிடக்கும் பிழையை வெப்ப நாடு வெளிப்படுத்தி விடுகின்றது.

அங்ஙனமாயின் டயர் வாங்குங்கால் நோக்கத்தக்கவை யாவை?

முதலாவது, டயரின் பக்கச்சுவரில் எழுதப்பட்டுள்ளதைப் படித்தல் வேண்டும். 185/65 ஆர் 15 88 எச் என்று ஒரு டயரிற் பொறித்திருப்பதாகக் கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டர்க் கணக்கில் அதன் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது உள்ளிழைகள் ஆரம் போல் அமைந்த ரேடியல் வகை என்பது. 15 என்பது சக்கர வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது பாரத்தின் குறியீட்டெண். அவ்வெண்ணுடைய டயர் ஒன்று 560 கிலோகிராம் தாங்கும். எச் என்பது வேகத்தின் குறி. அது மணிக்கு 210 கிலோமீட்டரையும், டி என்பது 190 கிலோமீட்டரையும் குறிக்கும். அத்துணை வேகத்தில் நம் சாலைகளில் எவரும் செல்லலாகாதே, அவ்வெழுத்தால் பயன் என்னையென்று சிலர் வினவுவர். வேகத்தைத் தாங்குதலாவது வெப்பத்தைத் தாங்குதலே. உயர்ந்த குறியுடைய டயர் மிக்க சூட்டிற்கும் ஈடுகொடுக்குமாறு சோதிக்கப்பட்டதாகும். ஆகவே வண்டி செய்தோர் குறித்துள்ள எண்ணினும் எழுத்தினும் தாழ்ந்ததை விலைமலிவு கருதி வாங்குதல் கூடாது. சில டயர்களில் வெப்பத் தாங்குதிறனை ஏ, பி, சி எனத் தரம் பிரித்தும் பொறித்திருப்பர். அவற்றுள் ஏ என்பதே நமக்கு உகந்தது.

இரண்டாவது, டயரின் வயதை அறிதல் வேண்டும். பக்கச்சுவரில் ஒரு சிறு வட்டத்துள் நான்கு இலக்கங்கள் காணப்படும். 2324 என்றிருப்பின் அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. ரப்பர் ஓடாமற் கிடந்தாலும் முதுமையடையும். வெப்பமும், காற்றிலுள்ள உயிர்வளியும் ஓசோனும் அதனை இறுகச் செய்கின்றன. வெப்பம் மிகுந்த இடத்தில் இம்மாற்றம் விரைந்து நிகழும். எனவே கடை வாயிலில் வெயில் படக் கிடந்த டயரை வாங்கலாகாது. ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடங் காட்டிச் சோதித்தல் வேண்டும். பத்தாண்டு கடந்ததைப் பார்வைக்குப் புதியதாயினும் விலக்கிவிடல் வேண்டும். வண்டியின் பின்னறையில் உறங்கும் மாற்று டயருக்கும் இவ்விதி பொருந்தும். பழைய டயரில் புதிதாய்க் கோடு கிழித்துக் கருமை பூசி விற்பாரும் உளர். அவ்வழியில் மீதமாகும் பணம் மீதமன்று.

மூன்றாவது, நம் நாட்டிற்கு வெயில் ஒன்றே பருவமன்று என்பதை நினைத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாலைகள் நீரில் மூழ்குகின்றன. கடினமான ரப்பர் வெயிலில் நெடுங்காலம் உழைக்கும். ஆயின் நனைந்த சாலையில் அதன் பிடிப்புக் குறைவு. மென்மையான ரப்பர் நன்றாகப் பற்றும், விரைவில் தேயும். இவ்விரண்டனுள் நடுத்தரமானதையும், நீரைப் பக்கங்களில் ஒதுக்கும் அகன்ற பள்ளங்களுடையதையும் தெரிந்துகொள்ளுதல் நலம். ரப்பரோடு சிலிக்கா சேர்க்கும் முறை 1990களிற் பரவிய பின்னர் இம்முரண்பாடு ஓரளவு தணிந்துள்ளது. மூன்று சிகரமுடைய மலையும் பனித்துகளும் பொறித்த டயர் குளிர் நாட்டிற்குரியது. 7 டிகிரிக்குக் கீழான குளிரிலும் மென்மையாயிருக்குமாறு செய்யப்பட்ட அது நம் வெயிலில் மிகக் குழைந்து தேய்ந்தொழியும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்ததும் டயரை மாற்றுக என்று விதி கூறும். மழைக்காலம் வருமுன் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுதல் அறிவுடைமை. இரண்டே டயர்கள் புதியன வாங்கின், அவற்றைப் பின்சக்கரங்களிற் பூட்டுக. பின்புறம் வழுக்கின் வண்டி சுழன்றுவிடும். அதனை அடக்குதல் எளிதன்று.

நல்ல டயரை வாங்கிவிட்டோமென்று அமைதல் போதாது. காற்றழுத்தத்தில் நேரும் ஒரு பிழை அந்நன்மையனைத்தையும் அழித்துவிடும். வெயிலிற் காற்று விரியும், டயர் வெடிக்கும். ஆகையாற் கோடையில் காற்றைக் குறைத்து வைப்பதே நன்று என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். இது முற்றும் தவறு. காலையில் 27 டிகிரியில், சதுர அங்குலத்திற்கு 33 ராத்தல் அழுத்தம் வைத்த டயர் ஓடி 60 டிகிரிச் சூடடைந்தால், அழுத்தம் ஏறக்குறைய 38 ராத்தல் ஆகும். இவ்வுயர்வு எதிர்பார்க்கப்பட்டதே; நல்ல டயர் இதனை எளிதில் தாங்கும். இதற்கு மாறாக, காற்றுக் குறைந்த டயரோ மிகுதியாக மடிகின்றது. மிகுதியாக மடிவது மிகுதியாகச் சூடாகின்றது. வெடிப்பினின்று தப்பக் கருதிச் செய்த செயலே வெடிப்பை அழைக்கின்றது. ஆதலின் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி காற்றை வைத்தல் வேண்டும். பக்கச்சுவரிற் பொறித்திருப்பது தாங்கக்கூடிய உச்ச அழுத்தமேயன்றி வைக்க வேண்டிய அழுத்தமன்று. வழியிற் சூடான டயரிலிருந்து காற்றை இறக்குதல் ஒருபோதும் ஆகாது. ஆட்களும் மூட்டைகளும் நிறைந்து செல்லும்போது அட்டவணையே சற்று மிகுந்த அழுத்தத்தைக் கூறும், அதனைப் பின்பற்றுக. மிகை பாரத்தால் வண்டி கெடும் என்பதை வள்ளுவர் காலத்தாரும் அறிந்திருந்தனரன்றோ? நைட்ரஜன் அடைத்தால் இக்கவலைகள் நீங்குமென்பர் சிலர். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. அதனை அடைத்தலால் தீங்கில்லை. ஆனால் மாதம் இருமுறை அழுத்தம் பார்க்கும் கடமையை அது நீக்காது.

வண்டிக்கு உரியவர் ஒருவரும் அதனை ஓட்டுபவர் வேறொருவருமாக இருத்தல் நம் நாட்டிற் பெருவழக்கு. டயர் தேய்ந்துவிட்டதென ஓட்டுநர் கூறுகின்றார். அடுத்த மாதம் பார்க்கலாமென உரியவர் விடையளிக்கின்றார். அந்த ஒரு மாதத்தில் தம் உயிரை ஈடாக வைப்பவர் ஓட்டுநரும், உடன் செல்வோரும், எதிரே சைக்கிளில் வருபவருமேயாவர். படித்தோராகிய நாம் இக்கணக்கை உணர்ந்து, டயருக்குரிய செலவைப் பிறர் உயிர்க்கு நாம் செலுத்தும் கடனெனக் கொள்ளல் வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரும், குடும்பத்தோடு கல்லூரியைக் காண வரும் பழைய மாணவரும், புறப்படும் காலையில் ஐந்து நிமிடம் குனிந்து, மாற்று டயர் உட்பட ஐந்தினையும் பார்த்துப் புறப்படுவாராக.