கொட்டகையில் உறங்கிய பிக்கப்

அமெரிக்காவில் செவர்லே நிறுவனம் 1947-இல் ஒரு புதிய பிக்கப் வண்டி வரிசையைக் கொண்டுவந்தது. அதில் 3100 என்பது சிறிய ரகம். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சரக்குத் தட்டு, ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். 1955 வரை வெளிவந்த இவ்வண்டிகள் பல, பண்ணைக் கொட்டகைகளில் துருப்பிடித்து நின்றுபோயின. பழைய வண்டிப் பிரியர்கள் அவற்றை வாங்கி வீட்டிலேயே பழுது பார்க்கிறார்கள். அவர்கள் செய்வதில் பெரும்பகுதி உங்கள் பௌதிகப் பாடம்தான்!

முதல் சிக்கல், வண்டியை வீடு சேர்ப்பது. எடை ஏறக்குறைய ஒன்றரை டன். ஆனால் அதைத் தூக்கப் போவதில்லையே, உருட்டத்தானே போகிறோம்? காற்றடித்த டயர் கெட்டித் தரையில் உருள, எடையில் நூற்றில் 1 அல்லது 2 பங்கு விசையே போதும். அதாவது 15 முதல் 30 கிலோகிராம் எடை. இருவர் தள்ளினால் நகர்ந்துவிடும். பிரேக் ஷூக்கள் டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தாலோ கதை வேறு. சக்கரம் உருளாமல் தேய்த்துக்கொண்டு வழுக்கும். உலர்ந்த தரையில் எடையில் பாதிக்கும் மேலான விசை வேண்டியிருக்கும். ஆகவே அனுபவசாலி, இழுப்பதற்குமுன் சக்கரத்தை விடுவிப்பார். டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாலே பல வேளைகளில் பிடி தளர்ந்துவிடும்.

அடுத்து, டிரெய்லரில் ஏற்ற வேண்டும். சாய்தளம் 5 அடி நீளத்துக்கு 1 அடி உயர்ந்தால், எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 300 கிலோகிராம், கூடுதலாக இழுக்க வேண்டும். வண்டியில் ஓர் இயங்கு கப்பியை மாட்டினால் கம்பியின் இழுவிசை பாதியாகும். இறுகிய கம்பி பொல்லாதது. அறுந்தால் சாட்டைபோல் வீசும். அதன் அருகே யாரும் நிற்கலாகாது.

வீடு வந்ததும் சாவியைத் திருப்ப ஆசை வரும். வேண்டாம்! பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கலாம். வலிந்து சுழற்றினால் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம்.

இனி மின்சாரம். இவ்வண்டிகளில் பாட்டரி 6 வோல்ட். ஸ்டார்ட்டர் மோட்டார் வழியே 200 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் படிந்த களிம்பின் மின்தடை வெறும் 0.01 ஓம். பெருக்கிப் பாருங்கள்: 2 வோல்ட் அங்கேயே தொலைந்தது! மோட்டாருக்கு மிஞ்சுவது நான்கே. புதுப் பாட்டரி போட்டும் என்ஜின் முனகுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் களிம்பைத்தான். உப்புத்தாளால் தேய்த்தால் தீர்ந்தது. 12 வோல்ட் வண்டியிலோ அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும்; 1 வோல்ட்தான் இழப்பு.

பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். டாங்கியையும் கார்புரேட்டரையும் கழுவித்தான் ஆகவேண்டும்.

வண்டிக்கடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்புவது மரணத்தோடு விளையாடுவது. எண்ணெய் கசிந்தால் ஒன்றரை டன்னும் இறங்கிவிடும். இரும்புத் தாங்கிகளில் வண்டியை அமர்த்தி, அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே புகலாம்.

என்ஜின் உறுமிவிட்டதா? இன்னும் சாலைக்குப் போகக் கூடாது. இவ்வண்டியில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஒரு குழாய் அரித்துப் பிய்ந்தாலும் மிதி தரையைத் தொடும். நான்கு சக்கரமும் பிடிக்காது. குழாய்களை மாற்றியபின், முதல் ஓட்டம் முற்றத்திலேயே, நடை வேகத்தில், கைபிரேக்கில் ஒரு கையோடு.